48 லிட்டர்

மகன் தன் ஒன்பதாவது பிறந்தநாளுக்குக் கேட்டது ஒரு மீன் தொட்டி. 2023 மே 28, ஞாயிற்றுக்கிழமை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி, ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு பை கூழாங்கல், இரண்டு தங்க மீன், ஆறு நியான் டெட்ரா, நான்கு மோலி. எல்லாவற்றையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிப் பெரம்பூர் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நான்கு மணிக்குத் தொட்டியில் தண்ணீர் ஊற்றினோம். ஐந்து மணிக்கு மீன்களை விட்டோம். ஆறு மணிக்குக் கேக் வெட்டினோம்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் நியான் மிதந்தது. வியாழக்கிழமைக்குள் ஆறும் போய்விட்டன. தங்க மீன்கள் நீரின் மேற்பரப்பிலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. நான் செவிலியர். மூச்சுக்குத் தவிக்கும் உயிர் எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். செவுள் அசைவதை நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியாத வேகம். கடையில் தொலைபேசியில் கேட்டபோது நோயாக இருக்கும், மெத்திலீன் ப்ளூ விடுங்கள் என்றார்கள். விட்டேன். ஜூன் 3, சனிக்கிழமை, கடைசி மோலியையும் முருங்கை மரத்தடியில் புதைத்தோம். மகன் அழவில்லை. "நான் எதையாவது தப்பாகச் செய்துவிட்டேனா?" என்று மட்டும் கேட்டான். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இதற்குப் பின் நான் செய்த எல்லாவற்றையும் செய்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து கொளத்தூர் பக்கம்தான். வண்ண மீன் தொழிலுக்கு நாடு முழுவதும் பெயர் பெற்ற இடம். வீட்டு மாடியிலும் பின்கட்டிலும் சிமென்டுத் தொட்டி கட்டி மீன் பொரிக்கிற குடும்பங்கள் அங்கே ஏராளம். ஜூன் 11 காலை அங்கே போனேன். மீன் வாங்குவதற்காக அல்ல, கேட்பதற்காக. கப்பி வளர்க்கும் ஒரு பெரியவர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். நான் நோய், மருந்து, தீனி என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எத்தனை நாள் தொட்டி அம்மா?"

"அன்றைக்கு வைத்ததுதான் ஐயா."

"அப்போது மீன் சாகவில்லை. தண்ணீர் இன்னும் பிறக்கவே இல்லை" என்றார்.

வீட்டுக்கு வந்து படிக்கப் படிக்க அந்த வாக்கியம் விரிந்துகொண்டே போனது. மீன் தன் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது. தீனி போடாவிட்டாலும், மூச்சு விடுகிற வரை அம்மோனியா வந்துகொண்டேயிருக்கும். ஆறோ குளமோ என்றால் அது கரைந்து போகும், அதைத் தின்ன ஆள் இருக்கும். புதுக் கண்ணாடித் தொட்டியில் யாரும் இல்லை. நாங்கள் பன்னிரண்டு மீன்களைக் கழிவறை இல்லாத ஓர் அறையில் பூட்டியிருந்தோம்.

அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியா ஒரு வகை. நைட்ரைட்டும் நஞ்சுதான். அதைத் தின்று நைட்ரேட்டாக மாற்றுவது இன்னொரு வகை. நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. வாரத்துக்கொரு முறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் நிற்கும். வெளிச்சமோ உணவோ இன்றி இப்படி ரசாயனத்திலிருந்தே உயிர் வாழும் நுண்ணுயிரிகளை 1890 வாக்கில் பிரித்தெடுத்துக் காட்டியவர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. இரண்டு வேலையையும் ஒரே பாக்டீரியா செய்துமுடிப்பதும் உண்டு என்பது 2015இல்தான் தெரியவந்தது. அதைக் கண்டுபிடித்த இரண்டு குழுக்களில் ஒன்று மாதிரி எடுத்தது மீன் வளர்ப்புத் தொட்டியோடு இணைந்த ஒரு ஃபில்டரிலிருந்து. இரவுப் பணியில், நோயாளிகள் உறங்கிய பிறகு அதைப் படித்தபோது, நூறாண்டுக்கு மேலாக உலகின் கண்ணில் படாதது ஒரு மீன் தொட்டியின் அழுக்கில் இருந்திருக்கிறதே என்று உடல் சிலிர்த்தது.

இந்தப் பாக்டீரியாக்கள் மெதுவானவை. எங்கள் ஆய்வகத்தில் மாலை வைத்த கல்ச்சர் மறுநாள் காலை தட்டு முழுக்க வளர்ந்திருக்கும், குடல் பாக்டீரியாவான ஈ.கோலை இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவை ஒரு முறை இரட்டிக்கவே ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஒன்றுமில்லாத தொட்டியில் தொடங்கினால் போதுமான கூட்டம் சேர நான்கு முதல் ஆறு வாரம் ஆவது இயல்பு. அந்த வாரங்களில் உள்ளே மீன் இருந்தால், அவை வளரும்வரை நஞ்சைக் குடிப்பது மீன்தான். அதனால் மீனே இல்லாமல், அம்மோனியாவை நாமே அளந்து ஊற்றி, பாக்டீரியாவை முதலில் வளர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அம்மோனியாவுக்கு எங்கே போவது? அம்மோனியம் குளோரைடு என்று தேடிக்கொண்டிருந்தேன். அத்தைதான், "நவச்சாரமா? ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருப்பார்களே, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்" என்றார். அதேதான். ஆனாலும் கடைக் கட்டியில் வேறு உப்பு கலந்திருக்கலாம் என்ற எண்ணத்தில், சோதனைக்கூட ரசாயனங்கள் விற்கும் கடையில் சுத்தமானதாக 100 கிராம் வாங்கினேன். தொட்டியை 12 லிட்டர் பக்கெட்டால் நிரப்பிப் பார்த்தேன். சரியாக நான்கு பக்கெட், 48 லிட்டர். 3 கிராம் உப்பை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால், 10 மி.லி. சிரிஞ்சு ஒன்று முழுவதும் விட்டால் தொட்டியில் அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம். மருந்துக் கணக்குப் போட்டுப் பழகிய கைக்கு இது இன்பமான வேலை.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் இரண்டு வகை. குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். அது கிருமியைக் கொல்லவே போடப்படுவது, நாம் வளர்க்க நினைக்கும் பாக்டீரியாவையும் விட்டுவைக்காது. பக்கெட்டில் பிடித்து ஏர் பம்பை ஓடவிட்டு ஒரு நாள் வைத்திருந்து பயன்படுத்துகிறேன். அவசரமென்றால் கொளத்தூர்க் கடைகளில் விற்கும் குளோரின் நீக்கி. உள்ளே இருப்பது சோடியம் தயோசல்பேட். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது, டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) 700க்கு மேல், பி.எச். (அமில-காரத்தன்மையின் அளவு) 8. பக்கத்து வீட்டு அக்கா, ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றிவிடேன், அதுதான் சுத்தம் என்றார். குடிக்கச் சரி. ஆனால் பாக்டீரியா வேலை செய்யும்போது அமிலம் உண்டாகிறது. அதைத் தாங்கிக்கொள்ளத் தண்ணீரில் கார்பனேட் உப்பு இருக்க வேண்டும். ஆர்.ஓ. நீரில் அது ஏறக்குறைய இல்லை. பி.எச். சரிந்துகொண்டே போய் பாக்டீரியாவின் வேலை மந்தமாகிவிடும். அதனால் கிணற்று நீரையும் மெட்ரோ நீரையும் பாதிப் பாதி கலந்தேன்.

ஜூன் 18 முதல் நாள். அன்று காலை கொளத்தூர்ப் பெரியவர் தன் பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு டப்பாவில் பிழிந்து கொடுத்தார். காபிக் கசடு போல ஒரு கால் டம்ளர் அழுக்கு. பாக்டீரியா குடியிருப்பது அதில்தான். காசு வாங்க மறுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அதைத் தொட்டியில், ஸ்பாஞ்சின் மேலேயே ஊற்றினேன். தண்ணீர் கலங்கியது. அத்தை முகம் சுளித்தார். சிரிஞ்சில் 10 மி.லி. விட்டேன். ஏர் பம்பை அன்றிலிருந்து ஒரு மணி நேரம்கூட நிறுத்தவில்லை. இவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும், சென்னை வெயிலில் 30 டிகிரி நீர் குறைந்த ஆக்சிஜனையே பிடித்துவைக்கும். சூடுதான் நமக்கு வரம்: குளிர் நாடுகளில் இதற்கென ஹீட்டர் போடுகிறார்கள்.

சொட்டுச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கியிருந்தேன். குழாயில் 5 மி.லி. தொட்டி நீர், அதில் சொட்டுகள், ஐந்து நிமிடம் காத்திருந்து அட்டையோடு நிறம் ஒப்பிட வேண்டும். அம்மோனியா இல்லையென்றால் மஞ்சள், இருந்தால் பச்சை. நைட்ரைட் இல்லையென்றால் வானநீலம், இருந்தால் ஊதா. நைட்ரேட் மஞ்சளிலிருந்து சிவப்பு. இதில் இரண்டாம் புட்டியை நன்றாக அரை நிமிடம் குலுக்கினால்தான் உண்மையான அளவு வரும். வார்டில் வெப்பநிலைக்கும் நாடித்துடிப்புக்கும் வரைவது போலவே ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். காலை ஆறு மணிக்கு மகன் குழாயைப் பிடிப்பான், நான் சொட்டு விடுவேன், நிறம் சொல்வது அவன் உரிமை.

நான்காம் நாள்வரை அம்மோனியா 2, நைட்ரைட் 0. தண்ணீர் மட்டும் பால் கலந்தது போல வெளுத்தது. பயப்பட வேண்டாம், அது வேறு வகைப் பாக்டீரியாவின் கூட்டம், தானே அடங்கிவிடும். அந்த நேரத்தில் பதறித் தொட்டியைக் காலிசெய்து கழுவுகிறவர்கள்தான் திரும்பத் திரும்ப முதல் நாளிலேயே நிற்கிறார்கள். ஆறாம் நாள் அம்மோனியா 1. நைட்ரைட் குழாயில் நீலத்துக்குள் ஒரு மெல்லிய ஊதா. "அம்மா, வந்துவிட்டது!" என்று மகன் போட்ட சத்தத்தில் அத்தை எழுந்து வந்து பார்த்தார்.

எட்டாம் நாள் அம்மோனியா கிட்டத்தட்ட தீர்ந்தது. மீண்டும் 10 மி.லி., பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் அதே அளவு. அடுத்து வந்ததுதான் நீண்ட பகுதி. ஒன்பதாம் நாளிலிருந்து நைட்ரைட் அட்டையின் கடைசிக் கட்டம்வரை கத்திரிக்காய் நிறம். தினமும் அதே நிறம். பதின்மூன்றாம் நாள் பாதித் தண்ணீரை மாற்றினேன். இரண்டு நாளில் பழையபடி ஆனது.

அந்த ஊதா நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில்தான் ஒன்று பிடிபட்டது. நைட்ரைட் மீனின் இரத்தத்துக்குள் போனால் ஹீமோகுளோபினை மெத்தீமோகுளோபினாக மாற்றிவிடுகிறது. அது ஆக்சிஜனைச் சுமக்காது. இரத்தம் பழுப்பாகிவிடும். மனிதக் குழந்தைகளுக்கும் இது வருவதுண்டு. நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரில் பால் கலக்கிக் கொடுத்த பச்சைக் குழந்தைகள் நீலம் பாரிப்பதைப் பாடத்தில் படித்திருக்கிறேன். அதற்கு நரம்பு வழியாக ஏற்றும் மருந்து மெத்திலீன் ப்ளூ. நான் மீன் தொட்டியில் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிய அதே நீலம்! ஐந்து நாள் தொட்டியில் மீன்களைக் கொன்றது பெரும்பாலும் அம்மோனியாதான். அதற்கு அந்த நீலம் மருந்தல்ல, முளைக்கவிருந்த பாக்டீரியாவையும் அது பாதித்திருக்கும். அம்மோனியாவிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பி.எச். 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் கொடிய வடிவத்தில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எங்கள் கிணற்று நீர்போல பி.எச். 8, 30 டிகிரி என்றால் நூற்றில் ஏழெட்டுப் பங்கு. ஒரே அழுக்கு, எங்கள் வீட்டில் ஏறத்தாழ பத்து மடங்கு நஞ்சு. அன்றைக்கு மகனை உட்காரவைத்து, "நீ ஒன்றும் தப்பாகச் செய்யவில்லை. நாங்கள் பெரியவர்கள் அவசரப்பட்டோம்" என்று சொன்னேன்.

பதினெட்டாம் நாள் ஊதா வெளுத்தது. பத்தொன்பதாம் நாள் 0.25. இருபதாம் நாள் வானநீலம். இவ்வளவு நாள் அசையாமல் நின்றது மூன்றே நாளில் இறங்கிவிட்டது. அன்று மாலை கடைசிச் சோதனையாக 10 மி.லி. விட்டேன். மறுநாள் மாலை, 24 மணி நேரத்துக்குள், அம்மோனியா 0, நைட்ரைட் 0. நைட்ரேட் 40ஐத் தொட்டிருந்தது. முக்கால் பங்கு தண்ணீரை மாற்றினேன். இருபத்திரண்டாம் நாள், ஜூலை 9, ஞாயிறு. மகனோடு கொளத்தூர் போனேன்.

எந்த மீன் என்பதில் அவனுக்கு ஆசை நியான் மேல். நியானுடைய பூர்வீகம் அமேசான் பகுதியின் மென்மையான, அமிலத்தன்மை கொண்ட நீர். எங்கள் தண்ணீர் அதற்கு நேர் எதிர். தங்க மீனோ முழுசாக வளர்ந்தால் ஒரு சாண் நீளம் தாண்டும், இரண்டடித் தொட்டி அதற்கு வீடே அல்ல. கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்களுக்குக் கடின நீர் பிடிக்கும். கப்பி என்று முடிவானது. அதிலும் ஆண்கள் மட்டும். பெண் கப்பி கடைத் தொட்டியிலேயே சினையாகி வந்திருக்கும். ஆண் துணையில்லாமலேயே மாதக் கணக்கில் திரும்பத் திரும்பக் குட்டி போடும். 48 லிட்டர் நிறைந்துவிடும். ஆணுக்கு உடல் சிறுத்து, வால் விரிந்து நிறமாக இருக்கும். அடித்துடுப்பு குச்சிபோல ஒடுங்கியிருக்கும். மகன் கண்ணாடியில் மூக்கை ஒட்டி ஒவ்வொன்றாகப் பார்த்து ஆறு தேர்ந்தெடுத்தான். அத்தனையும் ஒரே நிறத்தில் வேண்டாம் என்று பெரியவரே சிரித்துக்கொண்டே பிடித்துக் கொடுத்தார்.

பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தொட்டி நீரைப் பைக்குள் ஊற்றி, கடைசியில் வலையால் மீனை மட்டும் எடுத்து விட்டோம். முதல் நாள் தீனி போடவில்லை. அதன்பின் காலை ஒரு சிட்டிகை, இரண்டு நிமிடத்தில் தீர்கிற அளவு. இரண்டு வாரம் கழித்து, சோதனை எண்கள் அசையாததைப் பார்த்த பிறகே இன்னும் நான்கு. பத்தோடு நிறுத்திக்கொண்டோம். வாரந்தோறும் ஞாயிறு காலை ஒரு பக்கெட் தண்ணீர் மாற்றுகிறோம். அதாவது 12 லிட்டர், கால் பங்கு.

அக்டோபர் 22. மறுநாள் ஆயுத பூஜை. வீடு முழுக்கக் கழுவித் துடைக்கும் நாள்; தையல் இயந்திரத்துக்கும் மிக்ஸிக்கும் பொட்டு வைக்கிறோம், மீன் தொட்டி மட்டும் அழுக்காக இருப்பதா என்று அத்தைக்குத் தோன்றியிருக்கிறது. நான் பணியிலிருந்து வருவதற்குள் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து, ஸ்பாஞ்சைக் கழற்றிக் குழாயடியில் வெள்ளைத் தண்ணீர் வரும்வரை பிழிந்து பிழிந்து கழுவி மாட்டியிருந்தார். சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். அவரிடம் எதுவும் சொல்ல மனம் வரவில்லை. அன்பால் செய்தது. ஆனால் ஸ்பாஞ்சின் பழுப்புதான் எங்கள் இருபத்திரண்டு நாள்.

மறுநாள் காலை அம்மோனியா 0.5. அதற்கடுத்த நாள் நைட்ரைட்டும் 0.5. தீனியை நிறுத்தினேன். தினமும் ஒரு பக்கெட் தண்ணீர் மாற்றினேன். ஒரு தேக்கரண்டி கல் உப்பைக் கரைத்து விட்டேன். உப்பில் உள்ள குளோரைடு செவுளின் வாசலில் நைட்ரைட்டை நுழையவிடாமல் தடுக்கும். கூழாங்கல்லிலும் கண்ணாடியிலும் கொஞ்சம் பாக்டீரியா மிச்சமிருந்ததால் ஒன்பது நாளில் இரண்டும் பூஜ்யமாயின. ஒரு மீனும் போகவில்லை. பிறகு அத்தையை அழைத்து நோட்டைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "உறை மோர் மாதிரி. பானையைத் தேய்த்துக் கழுவினால் அடுத்த நாள் தயிருக்கு எங்கே போவது? முன்னமே சொல்லக்கூடாதா?" என்று கேட்டார். இப்போது மாதத்துக்கு ஒரு முறை, மாற்றி எடுத்த பழைய தொட்டித் தண்ணீரில், ஸ்பாஞ்சை இரண்டே பிழி பிழிந்து மாட்டுவது அவர் வேலை. வேறு யாரையும் தொடவிடுவதில்லை.

டிசம்பர் 3 இரவு மிக்ஜாம் புயல் மழை. எங்கள் தெருவில் மின்சாரம் நின்று மறுநாளுக்கு மறுநாள்தான் வந்தது. அந்த முப்பது சொச்ச மணி நேரமும், நாங்கள் மாறி மாறி டம்ளரில் தொட்டி நீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினோம். மீனுக்கு மட்டுமல்ல, ஸ்பாஞ்சுக்கும் மூச்சு வேண்டுமே. தீனி போடவில்லை. பின்னர் பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று வாங்கி, தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

இப்போது தொட்டியில் இரண்டு ஸ்பாஞ்ச் ஓடுகிறது. இரண்டாவது, கேட்பவர்களுக்குக் கொடுப்பதற்காக. என்னோடு வார்டில் வேலைபார்க்கும் ஒரு தங்கை, தன் மகளுக்காக ஓரடித் தொட்டி வாங்கியிருக்கிறாள். வரும் ஞாயிறு வருகிறாள். மூடியுள்ள டப்பா கொண்டுவா, தொட்டித் தண்ணீரிலேயே மூழ்கவைத்துத் தருகிறேன், வழியில் எங்கும் நிற்காமல் வீட்டுக்குப் போ, குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டும் படக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நவச்சாரக் கரைசலும் ஒரு சிரிஞ்சும் தனியாக எடுத்து வைத்தாயிற்று. கட்டம் போட்ட புது நோட்டு ஒன்றை மகன் அவளுடைய மகளுக்காகத் தயார் செய்துகொண்டிருக்கிறான்.